உள்தள்ளல் பிழை (பைத்தான்)

பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடம் உள்தள்ளல் எனப்படும். எந்தெந்த வரிகள் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்பதை இவ்வெற்றிடத்தின் அளவே தீர்மானிக்கின்றது. இவ்வளவு தவறுவதால் ஏற்படும் வழு உள்தள்ளல் பிழை ஆகும். பைத்தானைப் புதிதாகக் கற்போர் அடிக்கடி எதிர்கொள்ளும் வழுக்களுள் இதுவும் ஒன்று.

பின்னணி

சி, ஜாவா முதலிய மொழிகளில் தொகுதியின் தொடக்கமும் முடிவும் நெளிவு அடைப்புக்குறிகளால் குறிக்கப்படுகின்றன. அங்கு உள்தள்ளல் படிப்பவரின் வசதிக்காகவே இடப்படுகின்றது. பைத்தானிலோ அது மொழியின் இலக்கணத்தில் அடங்கும். இம்முறை நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உருவாக்கப்பட்ட ஏபிசி என்னும் மொழியிலிருந்து பெறப்பட்டது. ஏபிசியின் உருவாக்கத்தில் பங்கேற்ற கைடோ வான் ரோசம் 1991 ஆம் ஆண்டு பைத்தானை வெளியிட்டார்.

வகைகள்

* தேவையான உள்தள்ளல் இல்லாமை: 'இஃப்', 'ஃபார்', 'டெஃப்' போன்ற கூற்றுகள் முக்காற்புள்ளியுடன் முடிந்தபின், அடுத்த வரி உள்தள்ளப்படாமல் இருத்தல்.
* தேவையற்ற உள்தள்ளல்: புதிய தொகுதி எதுவும் தொடங்காத இடத்தில் வரி உள்ளே தள்ளப்பட்டிருத்தல்.
* பொருந்தாத உள்தள்ளல்: தொகுதியிலிருந்து வெளிவரும் வரி, அதற்கு முன் திறந்துள்ள எந்தத் தொகுதியின் அளவுடனும் ஒத்துப்போகாமை. எடுத்துக்காட்டாக, 0, 4 என்னும் அளவுகளுக்குப் பின் 2 வெற்றிடங்களுடன் ஒரு வரி வருதல்.
* கலப்பு உள்தள்ளல்: ஒரே தொகுதியில் சில வரிகள் டாப் விசையாலும், பிற வரிகள் இடைவெளி விசையாலும் தள்ளப்பட்டிருத்தல். இவை திரையில் ஒன்றுபோலத் தோன்றுவதால் பிழையைக் கண்ணால் காண்பது கடினம். பைத்தான் 3 இவ்வாறான முரணான கலப்பை ஏற்பதில்லை.

அறிவிக்கப்படாத பிழை

உள்தள்ளல் இலக்கணப்படி சரியாகவும் பொருள்படி தவறாகவும் இருக்குமாயின் பைத்தான் எவ்வித அறிவிப்பும் தராது. 60, 70, 80, 50, 90 ஆகிய மதிப்பெண்களை ஒரு சுழற்சியின் மூலம் கூட்டும் சார்பு ஒன்றைக் கருதலாம். விடையைத் திருப்பியனுப்பும் 'ரிட்டர்ன்' கூற்று சுழற்சிக்கு வெளியே இருப்பின் விடை 350 ஆகும். அதே கூற்று நான்கு வெற்றிடம் கூடுதலாகத் தள்ளப்பட்டுச் சுழற்சிக்குள் அமைந்தால், முதல் சுற்றிலேயே சார்பு முடிந்து 60 என்னும் விடை கிடைக்கும். நிரல் தடையின்றி இயங்குவதால் இவ்வகைப் பிழையே மிகவும் ஏமாற்றக்கூடியது.

கண்டறிதலும் தவிர்த்தலும்

பிழைச்செய்தியில் உள்ள வரி எண்ணை முதலில் நோக்க வேண்டும். காரணம் அதற்கு முந்தைய வரியிலும் இருக்கலாம். 2021 இல் வெளியான பைத்தான் 3.10 முதல், எந்தக் கூற்றுக்குப் பின் உள்தள்ளல் தேவை என்பதையும் செய்தி குறிப்பிடுகின்றது. 'பெப் 8' என்னும் நடைக்கையேடு ஒவ்வொரு நிலைக்கும் 4 வெற்றிடங்களைப் பரிந்துரைக்கின்றது. டாப் விசையை அழுத்தினால் வெற்றிடங்களே பதியுமாறு உரைத்தொகுப்பியை அமைத்துக்கொள்ளலாம். அறிவிக்கப்படாத பிழையைக் கண்டறிய, விடை முன்பே தெரிந்த சிறிய உள்ளீட்டைக் கொடுத்து நிரலைச் சோதித்தல் பயன்தரும்.