செடிக்கும் மருந்துக்கும் இடையே

எமது மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலும் புற்றுநோய்ப் பிரிவிலும் அண்மைக் காலமாக ஒரே வினா பன்முறை எழுப்பப்படுகின்றது. வலிப்பு நோயுற்ற குழந்தையின் தாய், கைப்பையிலிருந்து சிறிய புட்டி ஒன்றை எடுத்து மேசைமீது வைத்து, “டாக்டர், இந்தக் கஞ்சா எண்ணெயைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்கின்றார். சிலர் கேட்பதற்கு முன்னரே கொடுத்துப் பார்த்துவிடுகின்றனர். வேறு சிலர் அதை நம்பி, நாங்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைக் குறைத்துவிடுகின்றனர். இதுவே எங்களுக்குப் பெருங்கவலை அளிப்பது.

இவ்வினாவைக் கேட்பதில் நாணமோ அச்சமோ வேண்டியதில்லை. ஆயினும் இதற்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை. ஒரு செடி மருந்தாவதற்கு ஆய்வாளர், உழவர், சட்ட வல்லுநர் ஆகிய மூவரின் கைகளையும் கடந்தாக வேண்டும். அம்மூவரும் செய்வதை அறிந்தால், மேசைமீதிருக்கும் புட்டியைப் பற்றி நீங்களே தெளிவாக எண்ணிப் பார்க்க இயலும்.

பெயரால் வரும் குழப்பம்

தமிழில் ‘சணல்’ என்பது சாக்கு நெய்யப் பயன்படும் நார்ச்செடி. ‘சணப்பை’ என்பது பசுந்தாள் உரமாக வயலில் மடக்கி உழப்படுவது. ‘ஹெம்ப்’ என்பதையும் சிலர் ‘சணல்’ என்றே மொழிபெயர்ப்பதால் குழப்பம் நேர்கின்றது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். போதை தரும் டி.எச்.சி. என்னும் வேதிப்பொருள் மிகக் குறைவாக உள்ள வகையை அப்பெயரால் வழங்குகின்றனர். அச்செடியின் மற்றொரு வேதிப்பொருளான சி.பி.டி. போதை தருவதன்று. வலிப்பு நோய்க்கு ஆராயப்பட்டது பெரும்பாலும் இதுவே.

ஹெம்ப் விதையெண்ணெய் இவற்றினின்றும் வேறானது. அது நல்லெண்ணெயைப் போன்ற ஓர் உணவுப் பொருள். ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021இல் உணவாக ஏற்றுக்கொண்டது. அதில் சி.பி.டி. ஏறக்குறைய இல்லை. ஆகவே அதனால் வலிப்பு குறையுமென எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

ஆய்வாளரின் பணி

இந்த ஆய்வின் தொடக்கம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷானசி, 1839இல் கஞ்சாவின் மருத்துவப் பயன்களைக் குறித்துக் கட்டுரை எழுதினார். பிறந்து நாற்பது நாளேயான ஒரு குழந்தையின் வலிப்பு இதனால் தணிந்ததாக அவர் பதிவு செய்தார். எனினும் அவர் பயன்படுத்திய சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருந்தது என்பதை அளக்க அன்று வழியில்லை.

அவ்வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1963இல் சி.பி.டி.யின் மூலக்கூற்று அமைப்பையும், 1964இல் டி.எச்.சி.யின் அமைப்பையும் கண்டறிந்தனர். 1980இல் பிரேசில் ஆய்வாளர்களுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஆய்வில் வலிப்பு நோயாளர் 15 பேர் பங்கேற்றனர். சி.பி.டி. பெற்ற எண்மருள் நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. ஆயினும் 15 பேரை மட்டும் கொண்டு மருந்தொன்றை உறுதி செய்ய இயலாது. பெரிய ஆய்வுகள் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

டிராவெட் நோய்க்குறி என்பது மழலைப் பருவத்தில் தொடங்கும் கடும் வலிப்பு நோய். அந்நோயுற்ற 120 சிறாரையும் இளைஞரையும் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. தூய சி.பி.டி. பெற்றவர்களிடம் மாத வலிப்பின் நடுநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. மருந்தில்லாத போலித் திரவம் பெற்றவர்களிடம் அது 14.9இலிருந்து 14.1ஆகவே இருந்தது. 2018 ஜூனில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ‘எபிடியோலெக்ஸ்’ என்னும் தூய சி.பி.டி. மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. டிராவெட், லென்னாக்ஸ்-காஸ்டோ ஆகிய இரு நோய்க்குறிகளுக்கே முதலில் அவ்வொப்புதல் வழங்கப்பெற்றது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் 2020இல் சேர்க்கப்பட்டது. எல்லா வகை வலிப்புக்கும் அது மருந்தெனக் கொள்ளலாகாது.

இம்மருந்துக்குப் பக்கவிளைவுகளும் உண்டு. மிகு உறக்கம், வயிற்றுப்போக்கு, பசியின்மை ஆகியன ஆய்வில் காணப்பட்டன. வால்புரோயேட் உட்கொள்வோருக்குக் கல்லீரல் நொதிகள் உயரும் வாய்ப்பு மிகுதி. குளோபசாம் உட்கொள்வோருக்கு அம்மருந்தின் செயல்பொருள் இரத்தத்தில் பெருகி உறக்கம் கூடும். இவ்விரு மருந்துகளும் எம் சிறு நோயாளர் பலர் அன்றாடம் உட்கொள்பவை.

புற்றுநோய் பற்றியும் ஒரு சொல். கீமோதெரபியால் உண்டாகும் குமட்டலுக்கு, டி.எச்.சி.யை ஒத்த செயற்கை மருந்துகள் 1985இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் கஞ்சா எண்ணெய் புற்றுநோயையே குணப்படுத்தும் என்பது மனிதரிடையே மெய்ப்பிக்கப்படவில்லை.

உழவரின் பணி

நாருக்கு வளர்ப்போர் செடிகளை நெருக்கமாக விதைத்து நெடிய தண்டைப் பெறுகின்றனர். மருந்துக்கு வளர்ப்போருக்கு வேண்டுவது பெண்செடியின் பூவில் ஊறும் பிசின். ஆண்செடியின் மகரந்தம் படிந்தால் செடி விதை பிடித்து, பிசின் குறையும். மகரந்தமோ காற்றில் நெடுந்தொலைவு செல்ல வல்லது. ஆகவே மருந்துச் செடிகள் பெரும்பாலும் கண்ணாடிக் கூடங்களில், ஒரே தாய்ச்செடியின் போத்துகளிலிருந்து வளர்க்கப்படுகின்றன.

மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. இச்செடி மண்ணிலுள்ள காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. எந்த மண்ணில் விளைந்தது, எந்தச் சோதனைக்கு உட்பட்டது என்று தெரியாத செடியின் சாற்றைக் குழந்தையின் நாவில் விடுவது எத்துணை இடர்மிக்கது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களை அமெரிக்க ஆய்வாளர் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 31 விழுக்காட்டுப் பொருள்களிலேயே சீட்டில் குறித்த அளவும் உள்ளிருந்த அளவும் ஒத்திருந்தன. 18 பொருள்களில் டி.எச்.சி. காணப்பட்டது. அளவையும் நோக்குங்கள். 2017 ஆய்வில் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 400 மில்லிகிராம். கடைப் புட்டிகள் பலவற்றில் முழுப் புட்டியிலும் சில நூறு மில்லிகிராமே உள்ளது. அதற்காக வீட்டில் அளவைக் கூட்டுவதும் தகாது. கல்லீரல் சோதனையின்றி அவ்வளவு கொடுப்பது ஊறு விளைக்கும்.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறிப் பொருள்கள் சட்டம் இச்செடியின் பூ, கனி முனைகளைக் ‘கஞ்சா’ என்றும், பிரித்தெடுத்த பிசினையும் அதன் செறிவூட்டிய தயாரிப்புகளையும் ‘சரஸ்’ என்றும் வரையறுத்துத் தடை செய்கின்றது. முனைகளோடு சேராத விதையும் இலையும் ‘கஞ்சா’ என்னும் வரையறையில் அடங்கா. ஆகவே விதையுணவும், இலையைக் கொண்ட சில ஆயுர்வேதத் தயாரிப்புகளும் விற்பனையில் உள்ளன; இலைக்கு மாநிலச் சட்டங்களின் கட்டுப்பாடும் உண்டு.

நார், விதை முதலிய தேவைகளுக்காகப் பயிரிட அரசு அனுமதி அளிக்க அதே சட்டத்தில் இடமுண்டு. அதன்படி உத்தரகாண்ட் அரசு 2018இல் ஹெம்ப் பயிருக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. அங்கு டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனமும் உரிமம் பெற்று மருத்துவ ஆய்வுக்காக இச்செடியை வளர்க்கின்றது. பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் கஞ்சா சார்ந்த மருந்துகளை எழுதித்தர அனுமதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வதிகாரம் சிறப்பு மருத்துவருக்கே உரியது. ஆகவே மருந்துச் சீட்டும் அரசின் இறக்குமதி அனுமதியும் இன்றி, வெளிநாட்டிலுள்ள உறவினர் வழியாக எண்ணெய் தருவிப்பது உங்களைச் சட்டச் சிக்கலில் ஆழ்த்தக்கூடும்.

எங்கள் வேண்டுகோள்

வலிப்பு மருந்து எதனையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். திடீரென நிறுத்தினால் ஓயாத தொடர்வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே இடர் நேரலாம்.

ஏற்கெனவே ஏதேனும் எண்ணெய் கொடுத்து வந்தால், அதன் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவியுங்கள். புட்டியையும் உடன் கொண்டு வாருங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை. கல்லீரல் சோதனை வேண்டுமா, மற்ற மருந்துகளின் அளவை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வதற்கு அச்செய்தி இன்றியமையாதது.

குழந்தையின் வலிப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சி.பி.டி. பயன்படுமா என்னும் வினாவுக்கு விடை அதிலிருந்தே தொடங்குகின்றது. அடுத்த முறை வரும்போது தயங்காமல் அதனை எங்களிடம் கேளுங்கள்.