அந்த ‘ஜி1’ எந்த ஆண்டுடையது?

கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ள ஒருவரிடம் அதன் தரம் என்ன என்று கேட்டால், “ஜி1தான், பயப்பட ஒன்றுமில்லை” என்று சட்டெனப் பதில் வரும். எந்த ஆண்டு எடுத்த சோதனை என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய திசுச் சோதனைத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருப்பார்கள். பிறந்த தேதி மாறாது. கட்டியின் தரம் மாறும். சிங்கப்பூரில் செங்காங் அடுக்குமாடிகளிலும் சரி, தேக்காவிலும் சரி, பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கணையப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை வேகமாகப் பரவுபவை. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் இந்தக் கட்டிகள் அப்படியல்ல. பெரும்பாலும் பல ஆண்டுகள் மெல்ல நகரும். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003 அக்டோபரில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். அறுவைச் சிகிச்சையை ஒத்திப்போட்டு, ஒன்பது மாதம் உணவுமுறை, மாற்று வைத்தியம் என்று கழித்தார். 2004இல் அறுவை, 2009இல் கல்லீரல் மாற்று, 2011 அக்டோபரில் மரணம். ஒத்திப்போட்டதுதான் உயிரைப் பறித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘மெதுவான கட்டி’ என்ற சொல் மனிதரை எவ்வளவு எளிதாகத் தூங்கவைக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தரம் என்பது நுண்ணோக்கியில் எண்ணிச் சொல்லும் கணக்கு. கேஐ-67 என்ற குறியீடு, நூறு செல்களில் எத்தனை பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். 3 விழுக்காட்டுக்குக் குறைவு என்றால் ஜி1. 3 முதல் 20 வரை ஜி2. 20க்கு மேல் ஜி3. இதை நோயின் நிலையோடு போட்டுக் குழப்புகிறவர்கள் ஏராளம். நிலை என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. தரம் என்பது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது. ‘ஜி1’ தாளை வைத்திருப்பவருக்குக் கல்லீரல்வரை பரவியிருக்கலாம்.

திசுச் சோதனைக்கு ஊசி எடுப்பது கட்டியின் ஒரு மூலையிலிருந்து. அடுத்த மூலையில் வேறு கணக்கு இருக்கலாம். கல்லீரலுக்குப் பரவிய கட்டி, கணையத்தில் இருந்ததைவிட உக்கிரமாக இருக்கலாம். ஆண்டுகள் போகப் போக ஜி1 ஜி2 ஆவதும், ஜி2 ஜி3 ஆவதும் மருத்துவ உலகம் அறிந்ததே. ஸ்கேனிலும் இது தெரியும். கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்த கட்டி மங்கி, சர்க்கரையைத் தேடும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் ஒளிரத் தொடங்கினால், அதன் குணம் மாறியிருக்கக்கூடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: காரணமில்லாமல் எடை குறைதல், புதிய வலி, இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே கிடுகிடுவென வளர்ச்சி. ஹார்மோன் சுரக்காமல் இருந்த கட்டி திடீரென இன்சுலின் சுரக்கத் தொடங்குவதும் உண்டு. வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். நம் வீடுகளில் இங்கேதான் வினை. சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை தானாக இறங்கினால், “பாகற்காய்ச் சாறு வேலை செய்கிறது” என்று மகிழ்ச்சி! கட்டி இருப்பவருக்கு மருந்தை மாற்றாமலே சர்க்கரை இறங்கினால், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “மறுபடி திசுச் சோதனை தேவையா?” நோய் திரும்பினாலோ, புதிய இடத்தில் தெரிந்தாலோ, மருந்து பலிக்காமல் போனாலோ இதைக் கேட்காமல் அறையைவிட்டு எழக் கூடாது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இனி தாள்கள். ஹெல்த்ஹப் செயலியில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு எல்லாம் அதிலேயே இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். திசுவை எந்தச் செயலியும் தராது. அறுவை நடந்த மருத்துவமனையின் நோய்க்கூறியல் பிரிவில் மெழுகில் பதித்த திசுத் துண்டும் கண்ணாடி ஸ்லைடுகளும் இருக்கும். செங்காங் பொது மருத்துவமனையிலோ தேசியப் புற்றுநோய் நிலையத்திலோ புதிதாகப் பார்க்கப்போகிறவர், முன்பு தனியார் மருத்துவமனையில் அறுவை செய்திருந்தால், அவற்றைக் கேட்டுப் பெற்றுத் தர வேண்டும். மருத்துவ ஆவணப் பிரிவில் “மெடிக்கல் ரிப்போர்ட்” என்று மட்டும் கேட்டால் மருத்துவர் எழுதும் கடிதம்தான் வரும், அதுவும் கட்டணத்தோடு, காத்திருப்போடு. கேஐ-67 எண்ணுள்ள திசு அறிக்கையின் நகல், ஸ்கேன் படங்களின் வட்டு, அறுவைக் குறிப்பு என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். மகனோ மகளோ போனால் நோயாளி கையொப்பமிட்ட ஒப்புதல் வேண்டும். அது இல்லாமல் போய் முகப்பில் சண்டை போடுவது வீண். அரசு மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு போவது ஒரு வழி.

தரம் மாறினால் மருந்து மாறும்; மருந்து மாறினால் காப்புறுதிக் கணக்கும் மாறும். 2022 செப்டம்பர் 1 முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் தேசியக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. மருந்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. இந்த நோய்க்கு, இந்தக் கட்டத்துக்கு என்றும் பொருந்த வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள், ரசீது வந்தபின் அல்ல. கைமீறினால் குடிமக்கள் மருத்துவச் சமூக ஊழியர்வழி அரசு உதவி நிதியான மெடிஃபண்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் நெருக்கடி. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்” என்று அவசரப்படுத்தினால், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்பிடம் முதலில் ஆலோசனை கேட்கட்டும். போவதுதான் முடிவென்றாலும் வெறுங்கையோடு விமானம் ஏறக் கூடாது. வேலூர் சிஎம்சியிலோ அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ முதல் நாளே கேட்பது அந்தத் திசுத் துண்டைத்தான். அதைக் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டால் மெழுகு இளகிவிடும்.