வீட்டு ஸ்பிளிட் குளிரூட்டியில் குளிர்பதனப் பொருள் நிரப்புதல்: அழுத்தமானியும் தராசும்

ஆய்வுச் சுருக்கம்

வீடுகளில் பயன்படும் ஸ்பிளிட் வகைக் குளிரூட்டியின் குளிர்ச்சி குறையும்போது, ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ எனக் கொண்டு அழுத்தமானியின் துணையால் மட்டும் குளிர்பதனப் பொருளைக் கூட்டி நிரப்பும் வழக்கம் காணப்படுகிறது. மூடிய சுற்றில் இயங்கும் இப்பொருள் பயன்பாட்டினால் செலவாவதில்லை; அளவு குறைந்திருப்பின் கசிவு உண்டு என்பதே அதன் பொருள். கசிவைச் சீர்செய்து, சுற்றை வெற்றிடமாக்கி, எடையிட்டு நிரப்புவதே ஏற்ற முறை என்பதை அழுத்தம், வெப்பநிலை, நிறை ஆகியவற்றிற்கு இடையிலான உறவின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: குளிர்பதனப் பொருள், ஸ்பிளிட் குளிரூட்டி, நிறைவுற்ற நிலை, வெற்றிடமாக்கல், மிகைச்சூடு, எடையளவை, அறிவியல் தமிழ்

முன்னுரை

குளிரூட்டியின் பழுதுகளுள் மக்கள் பேச்சில் மிகுதியாக இடம்பெறுவது ‘கேஸ் தீர்ந்துபோதல்’ ஆகும். சமையல் எரிவாயு, வாகன எரிபொருள் முதலியன எரிந்து செலவாகின்றன. ஆதலின் அவை ‘தீர்ந்தன’ என்பது பொருந்தும். அச்சொல்லாட்சி அவ்வாறே குளிரூட்டிக்கும் வந்து சேர்ந்துள்ளது. சொல் வந்தவழியே கருத்தும் வருகிறது. தீரும் பொருளாயின் ஆண்டுதோறும் நிரப்புதல் இயல்பே என்ற எண்ணம் உருவாகிறது. இவ்வெண்ணத்தால் உரிமையாளர் ஒரே பழுதிற்குப் பலமுறை பணம் செலுத்த நேர்கிறது. கருவியின் ஆயுள் குறைகிறது. வெளியேறும் வாயு புவி வெப்பமாதலுக்குத் துணைபுரிகிறது. எனவே நிரப்புதல் என்னும் செயலின் அடிப்படையைத் தெளிவுபடுத்துதல் தேவையாகிறது.

மூடிய சுற்றின் இயக்கம்

ஸ்பிளிட் குளிரூட்டி உள்ளலகு, வெளியலகு என இரு பகுதிகளையும், அவற்றை இணைக்கும் இரண்டு செப்புக் குழாய்களையும் கொண்டது. வெளியலகில் உள்ள கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி, குளிர்பதன ஆவியை உயர் அழுத்தத்திற்கு உட்படுத்துகிறது. சூடேறிய ஆவி, கண்டென்சர் சுருளில் வெளிக்காற்றுக்கு வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. இந்நீர்மம் நுண்துளைக் குழாய் அல்லது விரிவு வால்வு வழியே செல்லும்போது அழுத்தம் இழந்து குளிர்கிறது. உள்ளலகின் சுருளில் அறைக்காற்றின் வெப்பத்தை ஏற்று மீண்டும் ஆவியாகிறது. அவ்வாவி பருத்த குழாய் வழியே அமுக்கியை அடைய, சுற்று நிறைவு பெறுகிறது.

இச்சுற்றில் குளிர்பதனப் பொருள் எரிவதில்லை. வேறு பொருளாக மாறுவதுமில்லை. அது வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஊடகம் மட்டுமே. ஆகவே தொழிற்சாலையில் நிரப்பப்பட்ட அளவு, கசிவில்லாத கருவியில் அதன் ஆயுள் முழுமைக்கும் போதுமானது. ‘தீர்ந்தது’ என்பதைவிடக் ‘கசிந்தது’ என்பதே நிகழ்வைச் சரியாகச் சுட்டும் சொல்லாகும்.

அழுத்தம் காட்டுவதும் காட்டாததும்

அழுத்தமானியைக் கொண்டு அளவை அறியலாம் என்ற நம்பிக்கையே நடைமுறைப் பிழைகள் பலவற்றிற்கு அடிப்படை. நீர்மமும் ஆவியும் ஒருங்கே உள்ள நிலை ‘நிறைவுற்ற நிலை’ எனப்படும். இந்நிலையில் ஒரு தனிப் பொருளின் அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. எவ்வளவு நீர்மம் உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. சமையல் எரிவாயு உருளை இதற்கு ஏறத்தாழப் பொருந்தும் சான்று. நிறைந்த உருளையிலும் பாதி தீர்ந்த உருளையிலும் அழுத்தத்தில் பெரிய வேறுபாடில்லை. அதனாலேயே 14.2 கிலோ எரிவாயு உள்ளதா என்பதைத் தராசில் வைத்து, உருளையின் மேல் பொறித்துள்ள வெற்று எடையைக் கழித்து அறிகின்றனர். குளிர்பதனப் பொருளுக்கும் இதே விதி பொருந்தும். நிறுத்தி வைக்கப்பட்ட ஆர் 32 கருவியில் சிறிதளவு நீர்மம் எஞ்சியிருந்தாலும், 30 டிகிரி செல்சியஸ் சூழலில் அழுத்தமானி ஏறத்தாழ 265 பி.எஸ்.ஐ. காட்டும். அதைக் கொண்டு அளவு சரி எனக் கூற இயலாது.

கருவி இயங்கும்போது உறிஞ்சு பக்கத்தில் காணும் அழுத்தமும் தனித்து நின்று அளவை உணர்த்துவதில்லை. அறை வெப்பம், வெளி வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றிற்கேற்ப அது மாறும். இன்வெர்ட்டர் வகையில் அமுக்கியின் வேகமே மாறுவதால் அழுத்தமும் உடன் மாறுகிறது. காற்று வடிகட்டியில் தூசி அடைந்தாலும் அழுத்தம் தாழ்ந்து சுருளில் பனி படியும். அதனைக் குளிர்பதனப் பொருளின் குறைபாடு எனக் கொண்டு மேலும் நிரப்பினால், கருவி மிகை நிரப்பலுக்கு உள்ளாகிறது.

பொருள் மாறும்போது இப்பிழை மேலும் பெரிதாகிறது. உள்ளலகின் சுருள் 5 டிகிரி செல்சியஸில் இருக்க, ஆர் 22 வாயுவுக்கு ஏறத்தாழ 70 பி.எஸ்.ஐ. அழுத்தம் அமையும். அதே வெப்பநிலைக்கு ஆர் 410ஏ, ஆர் 32 ஆகியவற்றிற்கு 120 பி.எஸ்.ஐ. அளவு வேண்டும். ஆர் 22 கருவிகளில் பழகிய ஒருவர், ஆர் 32 கருவியிலும் 70 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்தினால், சுருளின் வெப்பநிலை ஏறத்தாழ உறைநிலைக்குக் கீழ் 10 டிகிரியாக அமையும். சுருளில் பனி படிந்து காற்றோட்டம் தடைப்படும். எண் ஒன்றே; பொருள் வேறாதலின் விளைவும் வேறாகிறது.

நிரப்புதலுக்கு முந்தைய பணிகள்

குறைபாடு உறுதியானபின் முதற்பணி கசிவிடத்தைக் காணுதல். வெளியலகின் வால்வுகள், குழாய்முனையை விரித்துத் திருகும் ஃபிளேர் இணைப்புகள், பற்றவைத்த இடங்கள், உள்ளலகின் சுருள் ஆகியன முதலில் ஆராயத்தக்கவை. கசிந்த இடத்தில் குளிர்பதனப் பொருளோடு எண்ணெயும் சிறிது வெளிப்படுவதால், எண்ணெய்ப் படலம் ஒரு தடயமாகிறது. எஞ்சியிருக்கும் பொருளைக் காற்றில் விடாது, மீட்பு எந்திரத்தின் துணையால் தனி உருளையில் சேர்த்தல் வேண்டும். வெப்பத்தால் நீர்மம் விரிவடையும் என்பதால் அவ்வுருளையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பலாகாது.

பழுது நீக்கியபின், அழுத்தச் சீராக்கியுடன் கூடிய உலர் நைட்ரஜனைச் செலுத்திக் குழாய்கள் அழுத்தத்தைத் தாங்குகின்றனவா எனச் சோதிப்பர். இணைப்புகளில் சோப்பு நுரை இட்டால் குமிழி எழும் இடம் கசிவைக் காட்டும். இச்சோதனைக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துவது உயிருக்கு ஊறு விளைவிக்கும். அமுக்கியின் எண்ணெயோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சேரின் வெடிப்பு நிகழும்.

அடுத்தது வெற்றிடமாக்கல். தொழில்மொழியில் இது ‘வேக்கம் போடுதல்’ எனப்படும். காற்றை நீக்குவதோடு ஈரத்தை நீக்குவதும் இதன் நோக்கம். 30 டிகிரி செல்சியஸில் நீர், பாதரச அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அழுத்தத்திலேயே கொதித்து ஆவியாகும். வெற்றிடத்தை 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டு சென்றால் குழாய்க்குள் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. சாதாரண அழுத்தமானியால் இந்நுண்ணளவைக் காட்ட இயலாது. மைக்ரான் அளவி தேவை. பம்பை நிறுத்திக் காத்திருக்கும்போது அழுத்தம் சிறிது உயர்ந்து நின்றால் ஈரம் எஞ்சியுள்ளது என்றும், தொடர்ந்து உயர்ந்துகொண்டே சென்றால் கசிவு எஞ்சியுள்ளது என்றும் கொள்ளலாம்.

வெற்றிடமாக்காமல், குளிர்பதனப் பொருளையே சிறிது செலுத்திக் காற்றை வெளித்தள்ளுவது குறுக்குவழி. அதனால் ஈரம் நீங்குவதில்லை. ஆர் 410ஏ, ஆர் 32 கருவிகளில் பெரும்பாலும் பயன்படும் எஸ்டர் வகை எண்ணெய்கள் ஈரத்தை விரைந்து உறிஞ்சுவன. ஈரத்தோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குவன. அவ்வமிலம் அமுக்கியின் மோட்டார்ச் சுருளை நாளடைவில் பழுதாக்குகிறது.

எடையிட்டு நிரப்புதல்

வெற்றிடமான சுற்றில் குளிர்பதனப் பொருளின் அளவு சுழி. ஆகவே உள்ளே செல்லும் எடையே மொத்த அளவாகிறது. எடையளவையின் வலிமை இதுவே. எவ்வளவு எஞ்சியுள்ளது என அறியாத சுற்றில் ‘கொஞ்சம் கூட்டுதல்’ அளவிடும் செயலாகாது, அது ஊகமே.

நிரப்ப வேண்டிய எடை வெளியலகின் பெயர்ப்பலகையில் குறிக்கப்பட்டிருக்கும். குழாயின் நீளம் உற்பத்தியாளர் கணக்கிட்ட நீளத்தைவிட மிகுந்தால், மிகும் ஒவ்வொரு மீட்டருக்கும் கையேட்டில் கூறிய அளவைச் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பலகையில் 700 கிராம் எனவும், அது 5 மீட்டர் குழாய்க்கு உரியது எனவும், மிகும் மீட்டர் ஒன்றுக்கு 20 கிராம் எனவும் கொள்வோம். பொருத்தப்பட்ட குழாய் 9 மீட்டராயின், மிகை 4 மீட்டருக்கு 80 கிராம் சேர்த்து மொத்தம் 780 கிராம் நிரப்புதல் வேண்டும். இங்கு 100 கிராம் பிழை என்பது ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் பிழையாகும். இத்தகைய சிற்றளவில் இயங்கும் கருவிக்குக் கிராம் காட்டும் மின்னணுத் தராசு இன்றியமையாதது.

உருளையைத் தராசில் வைத்து, இணைப்புக் குழலில் உள்ள காற்றை நீக்கி, தராசைச் சுழியாக்கியபின் வால்வு திறக்கப்படுகிறது. ஆர் 410ஏ என்பது ஆர் 32, ஆர் 125 ஆகிய இரண்டும் சம எடையில் கலந்த கலவை. ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறக்கூடும் என்பதால் அதனை நீர்மமாகவே எடுத்தல் விதி. ஆர் 32 தனிப் பொருளாதலின் அதற்கு இச்சிக்கல் இல்லை. வெற்றிடம் பெரும்பகுதியைத் தானே உள்ளிழுக்கும். எஞ்சியதை, கருவியை இயக்கி உறிஞ்சு பக்கத்தில் சிறிது சிறிதாகச் செலுத்துவர். நீர்மம் திரளாக அமுக்கியை அடைந்தால் அதன் உள்ளுறுப்புகள் சிதையும். நீர்மத்தை அமுக்க இயலாது என்பதே காரணம்.

நிரப்பியபின் சரிபார்த்தல்

எடையிட்டு நிரப்பியபின் அழுத்தமானிக்கு அதன் உரிய பணி கிடைக்கிறது. உறிஞ்சு அழுத்தத்திற்கு உரிய நிறைவுற்ற வெப்பநிலையையும், பருத்த குழாயின் உண்மையான வெப்பநிலையையும் ஒப்பிட்டால் கிடைக்கும் வேறுபாடு ‘மிகைச்சூடு’ ஆகும். தொழில்மொழியில் இது சூப்பர்ஹீட். அழுத்தம் 5 டிகிரியைக் குறிக்க, குழாய் 11 டிகிரியில் இருப்பின் மிகைச்சூடு 6 டிகிரி. இது மிகுந்தால் சுருளுக்குப் போதிய நீர்மம் கிட்டவில்லை என்றும், சுழியை நெருங்கினால் நீர்மம் அமுக்கியை நோக்கி வருகிறது என்றும் உய்த்துணரலாம். உற்பத்தியாளர் கூறும் சோதனை நிலையில் இயக்கி அளந்தால் மட்டுமே இவ்வெண் பொருளுடையதாகும்.

எரியும் தன்மையும் சூழலும்

ஆர் 32 எளிதிற் பற்றாத, எனினும் எரியக்கூடிய ஏ2எல் வகுப்பைச் சார்ந்தது. காற்றில் கன அளவில் ஏறத்தாழ 14 விழுக்காட்டை எட்டும்போது அது எரியும். சில கருவிகளில் பயன்படும் ஆர் 290 எனப்படும் புரொப்பேனுக்கு 2 விழுக்காடே போதும். இரண்டும் காற்றைவிட அடர்ந்தவை. தாழ்ந்த இடங்களில் தேங்குவன. எனவே எரியும் பொருளுக்கென வடிவமைக்கப்படாத ஆர் 22 அல்லது ஆர் 410ஏ கருவியில் இவற்றை நிரப்புதல் தகாது. கசிவுள்ள நிலையில் அமுக்கியை இயக்கி வாயுவை வெளியலகுக்கு இழுப்பதும் தவிர்க்கத்தக்கது. உடன் புகும் காற்று எண்ணெய் ஆவியோடு சேர்ந்து அமுக்கியையே வெடிக்கச் செய்யும்.

100 ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்சைடை ஒன்று எனக் கொண்டால், ஆர் 22இன் புவி வெப்பமாக்கும் திறன் 1810. ஆர் 410ஏவினது 2088. ஆர் 32இனது 675. மேற்கண்ட 780 கிராம் ஆர் 32 முழுதும் கசிந்தால் அது ஏறத்தாழ 527 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பினால் இவ்விழப்பும் ஆண்டுதோறும் நிகழும். 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்று உறுதிசெய்தது. ஹைட்ரோஃபுளோரோகார்பன்களின் பயன்பாட்டை 2047க்குள் 85 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் பழுதுநீக்குநர் பயிற்சியை இலக்குகளுள் ஒன்றாக வைத்தது. இவ்விலக்குகளின் ஒரு பகுதி, வீட்டு மாடியில் வெளியலகின் முன் அமர்ந்து பணிசெய்பவரின் கையில் உள்ளது.

முடிவுரை

குளிர்பதனப் பொருளை நிரப்புதல் தனித்த பணியன்று. கசிவு காணல், சீர்செய்தல், அழுத்தச் சோதனை, வெற்றிடமாக்கல் என்னும் வரிசையின் இறுதிப் படியாகும். அழுத்தமானி நிலையைக் காட்டும். தராசே அளவைக் காட்டும். இவ்வேறுபாடு தமிழில் எழுதப்படும் தொழிற்பயிற்சி நூல்களிலும் கருவிக் கையேடுகளிலும் தெளிவாக இடம்பெறுதல் வேண்டும். ‘கேஸ்’, ‘வேக்கம்’ முதலிய வழக்குச் சொற்களை நீக்குவதைவிட, அவற்றோடு சரியான கருத்தை இணைத்துக் கற்பிப்பதே பயனுடையது. ‘கேஸ் குறைந்துள்ளது’ என்று கேட்டவுடன் ‘எங்கே கசிகிறது, எத்தனை கிராம் நிரப்பப்படும்’ என உரிமையாளர் வினவும் நிலை உருவாகுமாயின், அறிவியல் தமிழ் அன்றாட வாழ்வில் பயன் விளைத்ததாகக் கொள்ளலாம்.