பால் வத்திப்போச்சா? பயப்படாதீங்க!

திருநின்றவூரில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்குத் திரும்பிய தாய்மார்கள் நம் குழுக் கூட்டத்தில் சொல்வது, "பால் வத்திப்போச்சுக்கா."

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பகல் முழுக்க மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும். பால் பவுடர் கொடுத்தால் சப்புவதும் குறையும், பால் இன்னும் குறையும். (பவுடர் விளம்பரத்தை 1992-லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்காங்க!)

வேலையிடத்தில் 3 மணிக்கொரு தரம் கை கழுவிப் பாலைப் பீய்ச்சுங்கள். எடுத்து வர வசதியில்லாமல் கொட்டினாலும் நஷ்டமில்லை, சுரப்பு நிற்காது. ராத்திரிப் பாலை விடவே கூடாது. பூண்டு, சுறாப்புட்டு சாப்பிடுங்க, நாமும் சாப்பிட்டோம். ஆனால் சப்பாத மார்பில் அது மட்டும் பால் கொண்டு வராது.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளில் 6 தடவையாவது சிறுநீர் போனால் பால் போதும். போகாவிட்டால், எடை ஏறாவிட்டால், உடனே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.