சஹானா கற்பித்த பாடங்கள்



மருதமுனை நெசவாளர் சாரமும் சேலையும் நெய்வதை அறிவீர்கள். உடுப்போர் விரும்புவது எது என அறியாது நெய்த துணி கடையிலே தேங்கிவிடும். கணினி மென்பொருளுக்கும் இவ்விதி பொருந்தும். பயன்படுத்துவோரின் தேவையைக் கேட்டறிந்து, எதனை முதலிற் செய்வது, எதனை விடுப்பது எனத் தீர்மானித்து, ஆக்குவோருக்கு எடுத்துரைப்பவரே மென்பொருள் உற்பத்தி முகாமையாளர். அத்தொழிலின் பாடங்களைக் கற்க நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நமது துயரத்தினின்றும் பிறந்த மென்பொருளொன்று உண்டு. அதன் பெயர் சஹானா. சிங்கள மொழியில் இச்சொல்லுக்கு நிவாரணம் என்பது பொருள்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிரிழப்புக்கு ஆளானது அம்பாறை மாவட்டமே. இங்கு மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். கல்முனை முதலாய கரையோர ஊர்களில் உயிர் தப்பியோர் பாடசாலைகளிலும் வணக்கத்தலங்களிலும் தஞ்சம் புகுந்தனர். இத்தகைய வேளையில் தாய் ஒரு முகாமிலும் பிள்ளை வேறொரு முகாமிலும் இருத்தல் கூடும். ஓரிடத்தில் துணிகள் குவிந்திருக்க, மற்றோரிடம் குடிநீரின்றித் தவிக்கும். உதவுவார் பலர் இருந்தும், எங்கே எது வேண்டும் என்னும் செய்திக்கே பஞ்சம் நேரும்.

அப்பஞ்சத்தைத் தீர்க்கவே கணினித் துறையினர் தாமாக முன்வந்து, சில வாரங்களுக்குள் சஹானாவின் முதல் வடிவத்தை ஆக்கினர். அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம், இன்றியமையாததை மட்டும் முதலிற் செய்தல். காணாமற்போனோர், நிவாரண நிறுவனங்கள், முகாம்கள், தேவைகளும் உதவிகளும் ஆகியவற்றைப் பதியும் இடாப்புகளே சஹானாவின் அடிப்படை. அழகும் ஆடம்பரமும் காத்திருக்கலாம், குடிநீர் காத்திராது.

இரண்டாம் பாடம், பயன்படுத்துவோரின் நிலையறிதல். முஹம்மது என்னும் பெயரை முகம்மது என்றும் முகமது என்றும் எழுதுவர். ஆங்கிலத்தில் எழுதும் விதங்களோ இன்னும் பல. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் வேறொரு பெயரும் வழங்குவது நம் ஊர் வழக்கம். ஓரெழுத்து மாறியதும் அப்படியொருவர் இல்லை என்று விடையளிக்கும் கருவி, உயிரோடிருக்கும் மகனைத் தாய்க்கு மறைத்துவிடும். ஆதலால், எழுத்தை மட்டுமன்றி ஒலியொப்புமையையும் கொண்டு தேடும் வழி இருத்தல் வேண்டும்.

மூன்றாம் பாடம், அவசரத்தில் ஆக்கியதைப் பின்னர் செப்பஞ் செய்தல். 2005ஆம் ஆண்டிலே, சுவீடன் நாட்டின் நிதியுதவியுடன் லங்கா மென்பொருள் மன்றத்தின் வழியாகச் சஹானா புதிதாக எழுதப்பட்டது. எவரும் இலவசமாகப் பெற்றுத் தத்தம் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் அனுமதிக்கப்பட்டது. அதனாலன்றோ 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது உதவிற்று! கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை இதற்கே வழங்கியது.

நான்காம் பாடம், கருவிக்கு முன் மனிதரை ஆயத்தஞ் செய்தல். ஆசிரியர் ஒழுங்காகக் குறியாத வரவு இடாப்பினால் பாடசாலைக்கு யாது பயன்? முகாமிலே பெயரைப் பதிபவர் பிழையாகப் பதிந்தால், கணினி அப்பிழையையே விரைந்து பரப்பும். யார் பதிவது, யார் சரிபார்ப்பது, எவரெவர் அதனைப் பார்க்கலாம் என்பவற்றை அமைதிக் காலத்திலேயே வகுத்துப் பழகுதல் வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தையின் விவரம் தகாதவர் கையிற் சிக்கினால், நிவாரணமே தீங்காய் முடியும்.

இன்று நம் பாடசாலைகளிலே தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவர் பலர் நாளை மென்பொருள் ஆக்குவோராய் வருவர். நிரல் எழுதத் தொடங்குமுன், இஃது எவருக்கு, எந்த இடரில் உதவும் என்று வினவும் வழக்கத்தை அவர்களிடம் வளர்ப்பது, ஆசிரியராகிய நமக்கும் பெற்றோராகிய உங்களுக்கும் உரிய கடமையாகும்.