ஆய்வுக்கூடமும் ஆலையும்

அறிவியல் பயிலும் மாணவர்கள், ஆராய்ச்சி என்றதும் பல்கலைக்கழகத்தையே எண்ணுகின்றனர். முதுகலைப் பட்டம், முனைவர் பட்டம், பேராசிரியர் பணி என்னும் ஒற்றையடிப் பாதையே அவர்கள் கண்முன் நிற்கிறது. பேராசிரியர் ஒருவர் தம் பணிக்காலத்தில் பலரை முனைவராக்குகிறார். அவர் ஓய்வுபெறும்போது காலியாகும் இடமோ ஒன்றே. எனவே, ஆராய்ச்சிப் பட்டம் பெறுவோருள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்திற்கு வெளியே பணி தேடுவது இயல்பாகும். அது தோல்வியன்று. அறிவியல் வாழும் மற்றோர் இல்லத்திற்குக் குடிபெயர்வதே ஆகும். அவ்வாறு பெயர்ந்தோர் வரலாறு, வேலை தேடும் இளைஞர்க்குப் பல பாடங்களைக் கற்பிக்கிறது.

தயக்கமும் இசைவும்

வாலஸ் கரோதர்ஸ் அமெரிக்க வேதியியலார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் கற்பித்தவர். டூபாண்ட் நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்திற்கு அவரை அழைத்தபோது, முதலில் அவர் மறுத்தார். நிறுவனம் அடிப்படை ஆராய்ச்சிக்கு இடமளிக்க முன்வந்தது, ஊதியத்தையும் உயர்த்தியது. 1928ஆம் ஆண்டில் அவர் அங்குப் பணியேற்றார். பெருமூலக்கூறுகள் எவ்வாறு உருவாகின்றன என்னும் வினாவே அவரை ஈர்த்தது. அவர் குழுவின் உழைப்பால் 1930இல் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரும், 1935இல் நைலானும் பிறந்தன. அழைப்பு வந்தவுடன் இசையாமல், எத்தகைய ஆய்வுக்கு உரிமை உண்டு என ஆராய்ந்த பின்னரே அவர் முடிவெடுத்தார் என்பது கருதத்தக்கது.

சென்னையிலிருந்து பேர்ல் ரிவர் வரை

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் மாண்டனர். உணவின் சத்தினை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் அந்நோய், அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்ற அவர், ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்பாருடன் இணைந்து ஆய்வு செய்தார். உடல்நீர்மங்களில் உள்ள பாஸ்பரஸின் அளவை நிறத்தின் செறிவால் கணிக்கும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தறிந்ததிலும் அவர்கள் பங்கு பெரிது. ஆயினும், அப்பல்கலைக்கழகத்தில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை.

1940இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இயங்கிய லெடர்லே மருந்து ஆய்வுக்கூடத்தில் அவர் சேர்ந்தார். பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். ஒருவராகச் செய்ய இயலாத பணிகளை அங்கே பலராகச் செய்ய முடிந்தது. வேதியியலார், நுண்ணுயிரியலார், மருந்தியலார் என வெவ்வேறு துறையினர் அவர்தம் தலைமையில் ஒன்றுபட்டு உழைத்தனர். 1945இல் அக்குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அது ஒருவகைச் சோகையையும் ஸ்ப்ரூவையும் தணிக்கப் பயன்பட்டது. உடன்பிறந்தாரைப் பறித்த நோய்க்கு அவர் குழுவின் ஆய்வே மருந்தளித்தது!

போலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் சேர்மங்களையும் அக்குழு ஆக்கியது. அவற்றுள் ஒன்றாகிய அமினாப்டெரினை, பாஸ்டன் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்து, நோய் தற்காலிகமாகத் தணிவதைக் கண்டார். யானைக்கால் நோய்க்குரிய டைஎத்தில் கார்பமசின் என்னும் மருந்தும் அங்கு உருவானதே. பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்றபின் அங்கு வந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலார், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார். பணி மாற்றத்திற்கு வயது தடையாகாது என்பதற்கு அவரே சான்று.

மாறுவனவும் மாறாதனவும்

ஆய்வுநெறி இரண்டு இடங்களிலும் ஒன்றே. வினா மட்டும் வேறு. 'இது ஏன் நிகழ்கிறது?' எனப் பல்கலைக்கழகம் கேட்கும். 'இதனால் யாருக்கு என்ன பயன்? இதனைப் பேரளவில் ஆக்க இயலுமா?' எனத் தொழிற்சாலை கேட்கும். சோதனைக் குழாயில் வெற்றியுற்ற வினை, பெருங்கலனில் வெப்பம் மிகுந்து கெட்டுப்போகலாம். அதனைச் சீர்செய்வதும் உயர்ந்த ஆராய்ச்சியே.

கண்டறிந்ததை வெளியிடும் உரிமையும் மாறுபடும். வில்லியம் கோசெட் என்பார் ஆக்ஸ்போர்டில் வேதியியலும் கணிதமும் பயின்று, 1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிப்பாலையில் சேர்ந்தார். பார்லியின் தரத்தைச் சில மாதிரிகளைக் கொண்டே கணிக்க வேண்டியிருந்ததால், சிறு மாதிரிகளுக்கான புள்ளியியல் முறையை அவர் வகுத்தார். நிறுவனத்தின் கட்டுப்பாட்டால் 1908இல் அதனை 'மாணவர்' எனப் பொருள்படும் 'ஸ்டூடன்ட்' என்னும் புனைபெயரில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் டி-சோதனையின் மூலம் அதுவே. எனவே, பணி ஒப்பந்தத்தில் காப்புரிமை, மறைகாப்பு, வெளியீடு ஆகியவை பற்றிய விதிகளைக் கையொப்பமிடுமுன் ஊன்றிப் படித்தல் வேண்டும்.

வேலை தேடும் நெறி

முதலாவது, தேடும் பணியை வரையறுத்தல். தொழிற்சாலையில் அறிவியலார்க்கு ஆராய்ச்சிப் பணி ஒன்றே உரியதன்று. தரக்கட்டுப்பாடு, உற்பத்தி முறை மேம்பாடு, காப்புரிமை, மருந்து ஒப்புதலுக்கான ஆவணப்பணி, கருவி விற்பனைக்கான தொழில்நுட்ப விளக்கம் எனப் பல துறைகள் உள. ஒவ்வொன்றிலும் பணியாற்றும் முன்னாள் மாணவர்களைக் கண்டு, அவர்தம் அன்றாட வேலையைக் கேட்டறிதல் நலம். 'வேலை தருக' எனக் கேட்பதினும் 'உங்கள் பணி எத்தகையது?' எனக் கேட்பது எளிதில் கதவைத் திறக்கும்.

இரண்டாவது, தன்விவரக் குறிப்பைச் சுருக்கி எழுதுதல். பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் குறிப்பில் கட்டுரைகளின் பட்டியல் நீளும். நிறுவனத்திற்கு இரண்டு பக்கமே போதும். அதில் ஆய்வின் தலைப்பைவிடச் செய்த செயலே முன்னிற்க வேண்டும். 'பாஸ்பரஸ் பற்றி ஆராய்ந்தேன்' என்பது தலைப்பு; 'சிறிதளவு நீர்மத்திலிருந்து பாஸ்பரஸை அளக்கும் எளிய முறையை உருவாக்கினேன்' என்பது செயல். முன்னது படிப்பைக் காட்டும். பின்னது திறனைக் காட்டும்.

மூன்றாவது, நேர்முகத்தேர்வுக்கு அணியமாதல். தம் ஆய்வை அத்துறை சாராதவர்க்கும் ஐந்து நிமிடங்களில் விளக்கப் பழகுதல் வேண்டும். ஆலையில் பொறியாளரும் கணக்கரும் விற்பனையாளரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுப்பர். அவர்களுக்குப் புரியாத அறிவு அங்குப் பயன்படாது. பயன் குறைந்த திட்டம் இடையில் கைவிடப்படுவதும் உண்டு. அதனை ஏற்கும் மனப்பக்குவமும் தேவை.

இவற்றுக்கான பயிற்சி பள்ளிப் பருவத்திலேயே தொடங்கலாம். செய்முறைப் பதிவேட்டைப் பிறர் படித்து அவ்வாறே செய்யத்தக்க வகையில் தெளிவாக எழுதுதல், குழுவாகச் சோதனை செய்தல், புள்ளியியலை விரும்பிக் கற்றல் ஆகியன எந்த ஆய்வுக்கூடத்திலும் கைகொடுக்கும்.

சுப்பாராவ் 1948இல் மறைந்தார். அவர் குழுவின் ஆய்வுவழித் தோன்றிய மருந்துகளும், அவற்றை ஒட்டிப் பிறந்த மருந்துகளும் இன்றும் நோயாளிகளுக்கு வழங்கப்படுகின்றன. அவற்றை உண்போருள் பெரும்பாலோர் அவர் பெயரை அறியார். பதவி மறுக்கப்பட்ட இடத்தில் அவர் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. இடம் மாறித் தொடர்ந்தது. அறிவியலார் ஒருவரின் பெருமை அவர் பணியாற்றிய கட்டடத்தால் அமைவதன்று. அவர் விடைகண்ட வினாவால் அமைவதாகும்.