உயரமானவருக்கு ஒரு ரோடு பைக்

ரோடு பைக் என்பது தார்ச்சாலையில் நெடுந்தொலைவை விரைவாகக் கடப்பதற்கென்றே செய்யப்படும் சைக்கிள். கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், ஒடுங்கிய டயர், இரண்டு பல்சக்கரத் தொகுதிகளால் கிடைக்கும் பல கியர்கள், குறைந்த எடை ஆகியவை அதன் அடையாளங்கள். கடைத்தெருவில் ஓடும் கறுப்பு சைக்கிள் 20 கிலோவைத் தொடும். ரோடு பைக் பெரும்பாலும் 8 முதல் 11 கிலோதான். இதை விடவும் எடை குறைக்க முடியும் என்பதால், பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது. சாதாரண சைக்கிளிலிருந்து ரோடு பைக்கைப் பிரிக்கும் இன்னொரு விஷயம் உண்டு. அதைச் செருப்பைப் போல அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த அளவு எளிதில் கிடைக்காது.

சைக்கிளின் தொடக்கக் காலத்தில் அளவு என்பது சக்கரத்தின் அளவாகத்தான் இருந்தது. 1870-களில் பரவிய உயரச் சைக்கிளில் பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருந்தன. ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஆகவே சக்கரம் பெரிதாகப் பெரிதாக வேகமும் கூடும். கால் எட்டும் அளவுக்குப் பெரிய சக்கரத்தை ஒவ்வொருவரும் தேர்ந்தார்கள். நீண்ட காலுடையவர் 60 அங்குலச் சக்கரம் வரை ஏறினார். நெட்டையருக்கு இயந்திரமே சலுகை கொடுத்த காலம் அது. 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள், செயின் மூலம் பின்சக்கரத்தை இயக்கியது. அதன் பிறகு எல்லோருக்கும் ஒரே சக்கரம் போதுமானதாயிற்று. ஆளுக்கு ஆள் மாற வேண்டியது ஃபிரேம் ஒன்றே. பெடல் அச்சிலிருந்து சீட்டை நோக்கி எழும் குழாயின் நீளமே ஃபிரேமின் அளவு எனக் கொள்ளப்பட்டது.

இந்தக் கணக்கில் பார்த்தால் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் பெரிய ஃபிரேமுக்குப் பஞ்சமே இல்லை. தோவாளைப் பூச்சந்தைக்குக் கூடை சுமந்த சைக்கிளும் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த சைக்கிளும் பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் என்னும் கனத்த அன்றாட சைக்கிளின் வார்ப்புகள். முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், சோனிபட்டின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ எல்லாம் இந்த வகையை 22 அங்குலம், 24 அங்குலம் என்ற அளவுகளில் விற்றன. 24 அங்குலம் என்பது 61 சென்டிமீட்டர். ஐரோப்பாவில் ஆறடி மூன்றங்குல ஆள் தேடி வாங்கும் ரோடு பைக்கின் எண்ணும் ஏறக்குறைய இதுதான். ஐந்தரை அடி விவசாயி இதில் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஓட்டினார். சிறுவர்கள் சீட்டுக்கு முன்னுள்ள மேல் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டார்கள்.

எண் ஒன்றாக இருந்தும் அந்தச் சைக்கிள் நெட்டையருக்கு ரோடு பைக் ஆவதில்லை. ரோட்ஸ்டரின் சீட் குழாய் நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும், ஹேண்டில்பார் ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும். முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாகச் சவுட்டுவதற்கான அமைப்பு அது. ரோடு பைக்கில் சீட் குழாய் 72 முதல் 74 பாகை வரை எழுந்து நிற்கும், கைகள் முன்னே நீளும், இடுப்பிலிருந்து உடல் கவிழும். அதனால் குழாயின் நீளம் மட்டும் தெரிந்தால் போதாது.

உடலை அளக்கும் முறை எளிது. வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே வரை அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இதுதான் உள்கால் நீளம். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் வழங்கும் கணக்கின்படி, இந்த நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 0.65 முதல் 0.67 வரையான எண்ணால் பெருக்கினால் பழைய பாணி ஃபிரேமின் அளவு வரும். உள்கால் 92 செ.மீ. உடையவருக்கு சீட் உயரம் சுமார் 81, ஃபிரேம் 60 முதல் 61.5 வரை. 78 செ.மீ. உடையவருக்கு ஃபிரேம் 51-ஐ ஒட்டி அமையும். இடையில் இவ்வளவு வித்தியாசம் இருக்க, ஒரே சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

1990-களின் இறுதியில் தைவானின் ஜயன்ட் நிறுவனம், வடிவமைப்பாளர் மைக் பரோஸின் யோசனைப்படி, மேல் பார் பின்னோக்கிச் சரியும் டிசிஆர் வகையைக் கொண்டுவந்தது. பார் சரிந்ததும் சீட் குழாய் குட்டையானது. அதன் நீளம் எந்த ஆளுக்கானது என்பதைச் சொல்லும் தகுதியை இழந்தது. இன்று 58 என்று எழுதியிருக்கும் ஃபிரேமில் எந்தக் குழாயும் 58 செ.மீ. இல்லாமல் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் எல், மற்றொன்றின் எக்ஸ்எல் ஆகிவிடுகிறது. ஆகவே நிறுவனங்கள் வெளியிடும் வடிவ அட்டவணையில் இரண்டு எண்களைப் பார்ப்பதே முறை. பெடல் அச்சிலிருந்து செங்குத்தாக, ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள உயரம் ஸ்டாக். அதே அச்சிலிருந்து அந்த விளிம்பு வரை கிடைமட்டமாக உள்ள தூரம் ரீச். மிகச் சிறிய அளவிலிருந்து மிகப் பெரியது வரை ரீச் சில சென்டிமீட்டர் மட்டுமே மாறும். ஸ்டாக் 10 செ.மீ.க்கு மேல் கூடும். நெட்டையர் உண்மையில் தேடுவது உயர்ந்த ஸ்டாக்கைத்தான்.

சிறிய ஃபிரேமில் சீட்டுக் கம்பியை உயர்த்தினால் சீட் வானத்துக்கும் ஹேண்டில்பார் முழங்காலுக்கும் போய்விடும். கழுத்து வலிக்கும், உள்ளங்கை மரக்கும். கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக் கோட்டையும் தாண்டி இழுத்தால் ஃபிரேமே விரிசல் விடும். குமரி மாவட்டத்தில் இந்தப் பொருத்தமின்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் சாலையில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வருபவர் முகத்தில்தான் காற்றை வாங்குகிறார். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றும் 20 கி.மீ. வீசினால், காற்றை வெல்லத் தேவையான உழைப்பு காற்றில்லாத நாளை விட நான்கு மடங்கு. பெரிய உடல் தடுக்கும் காற்றும் அதிகம். அங்கே வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க ஃபிரேம் பொருந்தியிருக்க வேண்டும்.

பெரிய ஃபிரேமைச் செய்வதிலும் சிக்கல் உண்டு. குழாய் நீள நீள எளிதில் முறுகும், அதன் மேல் ஏறுபவரும் பெரும்பாலும் கனமானவர். சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் எடை இரண்டு மடங்காகும், முறுக்கைத் தாங்கும் விறைப்போ எட்டு மடங்காகும். அலுமினிய, கார்பன் ஃபிரேம்களின் குழாய்கள் பருமனாக இருப்பதன் காரணம் இதுதான். மெல்லிய எஃகுக் குழாயில் செய்த பழைய 62 செ.மீ. ஃபிரேம்கள் சில, மலை இறக்கத்தில் முன்பக்கம் நடுங்குவதற்குப் பேர்போனவை. மேல் பாரை முழங்கால்களால் அணைத்துப் பிடித்தால் நடுக்கம் அடங்கும். உதிரிகளும் ஃபிரேமோடு சேர்ந்து வளர வேண்டும்: பெடலைத் தாங்கும் கிராங்கு 170 மி.மீ.க்குப் பதில் 175, அகன்ற ஹேண்டில்பார், 32 ஸ்போக்ஸ் உள்ள சக்கரம், 28 மி.மீ.க்குக் குறையாத டயர். இதற்கும் மேலே உயரமானவர்களுக்கென்றே சைக்கிள் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவின் லெனார்ட் ஸின் அவர்களில் பெயர் பெற்றவர்.

கிடைப்பது, கிடைக்காதது எல்லாம் சராசரியின் விளையாட்டு. 1996-இல் பிறந்த ஆண்களின் சராசரி உயரம் நெதர்லாந்தில் ஏறத்தாழ 182 செ.மீ., இந்தியாவில் 165 செ.மீ. கடைக்காரர் விற்கக்கூடியதைத்தான் இறக்குவார். நெதர்லாந்தில் 58-உம் 60-உம் சாதாரண இருப்பு. ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் குள்ளமான தமிழருக்குத்தான் 50 கிடைப்பது கடினம். இங்கே நிலைமை தலைகீழ். கன்னியாகுமரியில் வந்து தங்கும் ஐரோப்பியரானாலும் உள்ளூரிலேயே நெட்டையாக வளர்ந்தவரானாலும், திருவனந்தபுரம், மதுரை, சென்னை, பெங்களூரு என்று பெரிய கடைகள் உள்ள நகரங்களைத்தான் பார்க்க வேண்டும். டெக்கத்லானின் ட்ரைபன் வகை எக்ஸ்எல் அளவிலும் வந்தது. ட்ரெக், ஜயன்ட் போன்றவற்றின் பெரிய அளவுகள் இருப்பில் இல்லாவிட்டால் முன்பதிவு செய்ய வேண்டிவரும். முன்பணம் கட்டுமுன் அதே வகையின் ஒரு அளவு சிறியதையாவது ஓட்டிப் பார்த்து, அட்டவணையோடு ஒப்பிடுவது நல்லது.

வெளிநாட்டில் இருந்து ஊர் திரும்புபவர்கள் அங்கேயே பழைய சைக்கிள் வாங்கி வருவதும் நடைமுறைதான். பெரிய ஃபிரேம் மலிந்த நாட்டில் பழையதன் விலையும் இறங்கியிருக்கும். முன்சக்கரம், பெடல், சீட்டுக் கம்பி ஆகியவற்றைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டயர் காற்றைக் குறைத்தால் சைக்கிள் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். ஆனால் 61 அளவு ஃபிரேமுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி போதாமல் போகலாம், முன்கூட்டியே அளந்துகொள்ள வேண்டும். குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி நாகர்கோவிலுக்கு 70 கி.மீ. அளவு வர வேண்டும். வட இந்தியாவிலிருந்து அனுப்புவதானால் ரயில் பார்சல் உண்டு. காஷ்மீரிலிருந்து குமரி முனை வரை 3,700 கி.மீ.க்கு மேல் ஓட்டிவரும் பயணிகள் பலர் சைக்கிளைத் திருப்பி அனுப்புவதும் ரயிலில்தான்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதது சக்கரம். ரோட்ஸ்டரின் 28 x 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மி.மீ., ரோடு பைக்கின் 700சி ரிம் 622 மி.மீ. பெயரளவில் இரண்டும் 28 அங்குலம் என்றாலும் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. மூலைக்கு மூலை பஞ்சர் கடை இருந்தாலும் 700சி டயர் அங்கே இருக்காது. ஒரு டயரும் இரண்டு ட்யூபும் கையிருப்பில் வேண்டும். ரோடு பைக் ட்யூபின் ஒல்லி வால்வில் பெட்ரோல் பங்கின் காற்றுக் குழாயைப் பொருத்த ஒரு சிறு பித்தளை அடாப்டர் போதும். முட்டம், குளச்சல் போலக் கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்று எஃகு ஃபிரேமுக்குள் அலுமினிய சீட்டுக் கம்பியை அசைக்க முடியாதபடி பிடிக்க வைத்துவிடும். பழைய பைக் வாங்கும்போது அந்தக் கம்பி ஏறி இறங்குகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். வாங்கியபின் சில மாதங்களுக்கு ஒரு முறை அதைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி வைக்க வேண்டும்.